வாசலில் சிவப்புப் பூச்சி: வயல் மருந்தைத் தொட வேண்டாம்

மாசி, பங்குனி மாதங்களில் இலவங்காய்கள் முற்றி வெடிக்கத் தொடங்கியதும் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு புகார் எழுவது வழக்கம். "மரத்தடியில் சிவப்புச் சிவப்பாகப் பூச்சி மொய்க்கிறது. திண்ணைக்கு ஏறுகிறது, வீட்டுக்குள்ளும் வருகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?" என்று உழவர்கள் கேட்கிறார்கள். பூவரசு மரம் வைத்திருப்பவர்கள் இதே கேள்வியை ஆண்டின் எந்த மாதத்திலும் கேட்பார்கள்.

இந்தக் கேள்விக்கு என் விடை சுருக்கமானது. இதற்கு மருந்து வேண்டியதில்லை. துடைப்பமும் சோப்புத் தண்ணீரும் போதும். வயலுக்கு வாங்கிய பூச்சிக்கொல்லியை வீட்டு வாசலில் அடிப்பது, பூச்சி செய்யும் தொல்லையைவிடப் பல மடங்கு பெரிய தீங்கு. மரத்தை வெட்டுவதும் தேவையற்ற வேலை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை உழவர் பெருமக்கள் பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

இது எந்தப் பூச்சி?

நம் வீட்டு வாசலுக்கு வரும் சிவப்புப் பூச்சி பெரும்பாலும் சிவப்புப் பருத்தி நாவாய்ப்பூச்சியே. பருத்தி பயிரிட்டவர்களுக்கு இது பழைய பகையாளி. வளர்ந்த பூச்சி அரை அங்குல நீளம் அல்லது சற்றுக் கூடுதலாக இருக்கும். உடல் நல்ல சிவப்பு. தலைக்குப் பின்னால் கழுத்துப்பட்டை போல ஒரு வெள்ளைக் கோடு ஓடும். இரண்டு முன்னிறக்கைகளிலும் ஒவ்வொரு கறுப்புப் புள்ளி உண்டு. இறக்கையின் நுனிப்பகுதி கறுப்பு. பூச்சியைத் திருப்பிப் பார்த்தால் வயிற்றில் குறுக்காக வெள்ளைப் பட்டைகள் தெரியும். குஞ்சுகளுக்கு இறக்கை இராது. அவை சிவப்பு மணிகளைக் கொட்டினாற்போல் கூட்டமாக இருக்கும். இரண்டு பூச்சிகள் வாலோடு வால் கோத்து, ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாக நகர்வதை யாவரும் பார்த்திருக்கலாம். அவை இணை சேர்ந்திருப்பவை.

இப்பூச்சிக்கு விதைதான் உணவு. அதிலும் பருத்திக் குடும்பத்து விதை. பருத்தி, வெண்டை, புளிச்சை, துத்தி, செம்பருத்தி, பூவரசு, இலவம் ஆகிய அனைத்தும் அந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஊசி போன்ற வாயை விதைக்குள் குத்தி, அதன் சாற்றை உறிஞ்சுகிறது. பருத்திக் காயில் இது குத்தும்போது ஒரு வகைப் பூசணமும் உள்ளே போய்ப் பஞ்சில் மஞ்சள் கறை விழுகிறது. கறைபட்ட பஞ்சுக்குச் சந்தையில் விலை குறையும். விதையின் முளைப்புத் திறனும் கெடும்.

ஆக, வயலில் இது உண்மையான பகை. வீட்டில் அப்படி அல்ல. இது மனித இரத்தம் குடிப்பதில்லை. மாட்டைக் கடிப்பதில்லை. அரிசியையோ பருப்பையோ துளைப்பதில்லை. மரச்சட்டத்தை அரிப்பதும் இல்லை. நசுக்கினால் நாற்றமும் சுவரில் கறையும் உண்டாகும் என்பதே வீட்டில் இதனால் வரும் சேதம்.

தவறாக அடையாளம் காணக்கூடிய பூச்சிகள்

சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே பூச்சி அல்ல. கீழ்க்கண்டவற்றைப் பிரித்தறிந்து கொள்வது நல்லது.

முடக்கத்தான் கொடி வேலியில் படர்ந்திருந்தால் அதன் காய்களில் வேறொரு சிவப்பு நாவாய்ப்பூச்சி கூடும். உடல் மெலிந்திருக்கும், வயிற்றில் வெள்ளைப் பட்டை இராது. பூந்திக்கொட்டைக் குடும்பத்து விதைகள் இதன் உணவு. இதுவும் வீட்டுக்குத் தீங்கற்றது. வட அமெரிக்காவில் இதற்கு நெருங்கிய உறவான பாக்ஸ் எல்டர் பூச்சி என்று ஒன்று இருக்கிறது. அங்கே மேப்பிள் இன மரத்தின் விதையைத் தின்று வளர்ந்து, குளிர்காலம் நெருங்கும்போது வெயில் படும் சுவர்களில் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும். பிறகு இடுக்கு வழியாக வீட்டுக்குள் நுழையும். அந்நாட்டு வேளாண் விரிவாக்கத் துறையினர் சொல்லும் அறிவுரையும் இடுக்குகளை அடை, பெருக்கித் தள்ளு, சோப்புத் தண்ணீர் தெளி என்பதுதான். வீட்டுக்குள் விஷம் அடிக்கச் சொல்வதில்லை. நம்மூர்ப் பூச்சி குளிருக்கு ஒதுங்கி வருவதில்லை. விதை கொட்டிக் கிடப்பதால் பெருகி, அருகில் உள்ள சுவரில் ஏறுகிறது. காரணம் வேறானாலும் வைத்தியம் ஒன்றே.

அடுத்தது, சிவப்பும் கறுப்பும் கலந்த, நீண்ட தலையும் வளைந்த தடித்த மூக்கும் கொண்ட நாவாய்ப்பூச்சி. இது தனியாகத் திரியும். கூட்டமாக மொய்க்காது. மற்றப் பூச்சிகளையும் புழுக்களையும் குத்திக் கொன்று உண்ணும் இனம். நிலக்கடலை வயலில் புழுக்களைப் பிடித்துத் தின்னும் நண்பன் இது. கையால் பிடித்தால் வலிக்கும்படி குத்திவிடும். ஆகவே தொடாமல் விட்டுவிட வேண்டும். உடல் முழுவதும் இரத்தச் சிவப்பாய், வெள்ளைப் பட்டையே இல்லாத இன்னொரு நாவாய்ப்பூச்சியும் உண்டு. அது பருத்தி நாவாய்ப்பூச்சியையே வேட்டையாடித் தின்னும். சிவப்புக் கூட்டத்தின் நடுவே ஒரு பூச்சி மற்றொன்றை மூக்கில் குத்தித் தூக்கிக்கொண்டு போவதைக் கண்டால், நமக்காக வேலை செய்யும் கூலியில்லாத ஆள் அது என்று அறிக.

மூன்றாவது, மழை விழுந்ததும் மண்ணில் ஊரும் பட்டுத்துணி போன்ற தம்பலப்பூச்சி. இது எட்டுக் காலுள்ள சிலந்தி இனம். யாருக்கும் கெடுதல் இல்லை.

நான்காவதிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. கறுப்பு உடலில் செம்மஞ்சள் பட்டைகள் உள்ள கொப்புள வண்டு, துவரை, காராமணி, வெண்டை, செம்பருத்திப் பூக்களைத் தின்னும். இதை நசுக்கினால் வெளிப்படும் நீர் தோலில் பட்டுக் கொப்புளம் எழும். குழந்தைகள் கையில் எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாட்டுத் தீவனத்தில் கலந்துவிடாமலும் கவனிக்க வேண்டும்.

வாசலுக்கு வந்த வயல் மருந்து

வயலில் பூச்சி வந்தால் வேளாண் துறையினர் யோசனை சொல்கிறார்கள். கொசு வந்தால் சுகாதாரத் துறையினர் வருகிறார்கள். வயலுக்கும் அடுப்படிக்கும் இடையே திண்ணையில் ஊரும் பூச்சிக்கு எந்தத் துறையும் பொறுப்பில்லை. ஆகவே உழவர் கைக்கு எட்டிய புட்டியை எடுக்கிறார். கைக்கு எட்டுவது போன வாரம் கத்தரிக்கோ நெல்லுக்கோ வாங்கிய மருந்தின் மிச்சம். இதுவே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

செங்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த உழவர் கூட்டத்தில் ஒரு அம்மாள் எழுந்து, "ஐயா, எங்க வீட்டுக்காரர் டேங்கில் மிஞ்சின மருந்தைப் பூவரசு மரத்தைச் சுற்றியும் வாசல் சுவரிலும் அடிச்சார். மறுநாள் கோழி ஆறு செத்துக் கிடந்தது. நாலு நாள் கழிச்சுப் பார்த்தா பூச்சி மறுபடியும் அங்கேயே இருக்கு" என்றார். பூச்சியியலில் நாங்கள் பல பக்கங்களில் எழுதுவதை அந்த அம்மாள் மூன்று வரிகளில் சொல்லிவிட்டார். செத்த பூச்சியைக் கொத்தியும் மருந்து படிந்த மண்ணைக் கிளறியும் கோழிகள் செத்தன. மண்ணுக்குள் இருந்த முட்டைகள் தப்பின. மரத்திலிருந்து விதை தொடர்ந்து கொட்டியது. பூச்சி திரும்பி வராமல் என்ன செய்யும்?

இந்தப் பூச்சி ஈரமண்ணிலும் வெடிப்பிலும் சருகுக்கு அடியிலும் குவியல் குவியலாக முட்டையிடும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சு பொரிக்கும். ஐந்து முறை தோலுரித்து வளரும். ஆகவே சுவரில் இன்று தெரியும் கூட்டத்தைக் கொன்றாலும், மண்ணில் உள்ள கூட்டம் அடுத்த வாரம் மேலே வரும். விதை என்ற தீனி தீராதவரை அடிக்கும் மருந்துக்கும் முடிவிராது.

அடிக்கும் மருந்து எப்படிப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பூச்சிக்கொல்லிப் புட்டியில் சாய்சதுரம் ஒன்று அச்சிட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் சிவப்பானால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் நடுத்தரம். பச்சை குறைந்த நஞ்சு. மோனோகுரோட்டோபாஸ் சிவப்பு வகையைச் சேர்ந்தது. காய்கறிப் பயிர்களில் அதைத் தெளிக்க மத்திய அரசு 2005ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. வெண்டைக்காயில் அடிக்கக் கூடாத மருந்தைக் குழந்தை தவழும் திண்ணையில் அடிப்பது எந்த நியாயம்?

பழைய சரக்கு பரணில் கிடப்பதும் உண்டு. பி.எச்.சி. பொடி 1997ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. கார்பரில் 2018இல் தடை செய்யப்பட்டது. வீட்டில் ஈக்கும் கரப்பானுக்கும் பலர் அடித்துவந்த டைகுளோர்வாஸ், குருணையாகத் தூவப்பட்ட போரேட் ஆகியவை 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு முற்றாக நிறுத்தப்பட்டன. இவற்றில் எது இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. கிணற்றிலோ ஏரியிலோ கொட்டவும் கூடாது. மூடியை இறுக்கி, பூட்டிய இடத்தில் தனியாக வைத்து, வட்டார வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தில் தெரிவித்து யோசனை பெற வேண்டும்.

பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் 2013 ஜூலை 16ஆம் தேதி ஒரு தொடக்கப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது தடய அறிவியல் சோதனையில் தெரிந்தது. அங்கே யாரும் குழந்தைகளைக் கொல்லப் பூச்சிமருந்து வாங்கவில்லை. வயலில் இருக்க வேண்டியது சமையலறைக்கு வந்தது, அவ்வளவே. வீட்டுப் பூச்சிக்காக வயல் மருந்தை எடுப்பவர் அந்தப் புட்டியைத் திண்ணைக்கும், திண்ணையிலிருந்து அடுப்படிக்கும் கொண்டுவரும் பாதையைத் திறந்துவிடுகிறார். காலிப் புட்டியைக் கழுவி எண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் பக்கத்திலும் இன்னும் ஒழியவில்லை. இதை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: காலிப் புட்டியை ஓட்டையிட்டு நசுக்கி, எதற்கும் பயன்படாமல் செய்துவிடுங்கள்.

மரத்தை வெட்டலாமா?

"மரம் இருந்தால்தானே பூச்சி? வெட்டிவிட்டால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. பூவரசின் நிழலில் மாடு கட்டுகிறோம். தழையை வயலுக்கு உரமாகப் போடுகிறோம். மரம் வண்டிச் சாமானுக்கும் மேசை நாற்காலிக்கும் ஆகிறது. இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை நம் ஊரில் இருந்ததில்லை. இலவம் தலையணைக்குப் பஞ்சு தருகிறது. கோடையில் பாறையும் மண்ணும் கொதிக்கும் திருவண்ணாமலை போன்ற ஊரில் வாசலில் நிற்கும் ஒரு மரம் என்பது சிறு சொத்து அல்ல. மலை சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் வெறுங்காலோடு நடப்பவர்களைக் கேட்டால் மர நிழலின் மதிப்பைச் சொல்வார்கள். ஆண்டில் சில வாரங்கள் வரும் ஒரு தீங்கற்ற பூச்சிக்காக முப்பது ஆண்டு மரத்தை வெட்டுவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலாகும்.

புதிதாக இலவமோ பூவரசோ நடுகிறவர்கள் வீட்டுச் சுவரை ஒட்டி நடாமல், தொழுவத்துக்கு அப்பாலோ வேலியோரத்திலோ நட்டால் இந்தப் பிரச்சினையே எழாது.

செய்ய வேண்டியவை

முதலாவது, தீனியை நிறுத்துவது. இலவங்காய் வெடித்துக் கொட்டுமுன் பறித்துவிட வேண்டும். பஞ்சும் வீணாகாது. உதிர்ந்த காய், விதை, சருகு ஆகியவற்றை வாரம் ஒருமுறையேனும் கூட்டி எருக்குழியில் போட்டு மண் தள்ளி மூட வேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள துத்திச் செடிகளைக் காய் முற்றுமுன் பிடுங்கிவிட வேண்டும்.

இரண்டாவது, பருத்திக்கொட்டை மூட்டை. மாட்டுத் தீவனத்துக்கு வாங்கி வைக்கும் பருத்திக்கொட்டையை இந்தப் பூச்சி தேடி வரும். திண்ணையிலோ வீட்டுச் சுவர் ஓரத்திலோ வைக்காமல், மூடியுள்ள தகர டப்பாவிலோ வாய் கட்டிய சாக்கிலோ தொழுவத்தில் மேடையிட்டு வைக்க வேண்டும்.

மூன்றாவது, முட்டையைக் கெடுப்பது. மரத்தடி மண்ணை வாரம் ஒருமுறை களைக்கொத்தால் இரண்டு அங்குல ஆழம் கிளறிவிட வேண்டும். முட்டைகள் வெயிலில் காயும். எறும்புகள் தூக்கிச் செல்லும். முட்டை பொரிக்க ஒரு வாரம் ஆவதால், வாரந்தோறும் தவறாமல் கிளறுவதில்தான் பலன் இருக்கிறது. மூன்று நான்கு வாரங்களில் கூட்டம் கலைந்துவிடும்.

நான்காவது, பொறி வைப்பது. ஒரு கைப்பிடி பருத்திக்கொட்டையை நனைத்து, ஈரச்சாக்கின்மேல் பரப்பி, மாலையில் மரத்தடியில் வைக்கவும். பூச்சிகள் அங்கே கூடும். விடிந்ததும் சாக்கோடு சுருட்டிச் சோப்புத் தண்ணீர் உள்ள வாளியில் உதற வேண்டும். பருத்திப் பயிரிலும் விதைக் குவியல் வைத்துப் பிடிக்கும் இம்முறை பழையதே.

ஐந்தாவது, சோப்புத் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் காதி சோப்பைச் சீவிக் கரைத்துக்கொண்டு, சுவரிலும் மரத்தடியிலும் மொய்க்கும் பூச்சியின்மேல் நன்றாக நனையத் தெளிக்க வேண்டும். பூச்சியின் மூச்சுத் துளைகள் அடைபட்டு அது சாகும். மேலே படாத பூச்சி சாகாது. ஆகவே காலை வேளையில், கூட்டமாக இருக்கும்போது தெளிப்பது நல்லது. குஞ்சுகள் மிகுதியாக இருந்தால் ஒரு லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்போடு கலந்து மரத்தடியில் தெளிக்கலாம். இதற்கென ஒரு தனிக் கைத்தெளிப்பான் வைத்துக்கொள்ள வேண்டும். வயல் மருந்து அடித்த டேங்க் எத்தனை முறை கழுவினாலும் வீட்டுக்கு உதவாது.

ஆறாவது, வீட்டை அடைப்பது. சுவர் வெடிப்பைச் சுண்ணாம்பு அல்லது சிமெண்டால் பூசவும். கதவின் அடியில் உள்ள சந்துக்குப் பழைய சைக்கிள் ட்யூபைக் கீற்றாக வெட்டி ஆணியடித்தால் போதும். சன்னலுக்குக் கொசுவலை. உள்ளே வந்துவிட்ட பூச்சியை நசுக்காமல் முறத்தில் கூட்டி எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடவும்.

வெண்டை, பருத்தி பயிரிடுவோர் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வாசல் மரத்தில் பெருகும் பூச்சி வயலுக்கும் போகும். காய்கறிக்காகப் பிஞ்சில் பறிக்கும் வெண்டைக்குப் பெரிய சேதமில்லை. விதைக்கு விட்ட வெண்டைக்குச் சேதம் உண்டு. பருத்தி வெடித்ததும் தாமதியாமல் எடுத்துவிட வேண்டும். அறுவடை முடிந்த மாரை வயலில் நிற்க விடக் கூடாது.

நஞ்சு பட்டுவிட்டால்

இத்தனை சொல்லியும் எங்கேனும் தவறு நேரலாம். பூச்சிமருந்து பட்டவருக்கு மிகுந்த வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், வாந்தி, கண்மணி சுருங்குதல், மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. மருந்து பட்ட துணியைக் களைந்து, உடலைச் சோப்புப் போட்டுக் கழுவி, 108க்குத் தகவல் கொடுத்து, அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். புட்டியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான மாற்று மருந்தை விரைவாகக் கொடுக்க முடியும்.

முடிவாக ஒரு கோரிக்கை. உழவர் பயிற்சி என்றால் வயலுக்கு வருபவர்களை மட்டும் கூப்பிடுவது வழக்கமாக இருக்கிறது. இந்தப் பூச்சி எந்த மூலையில் கூடுகிறது, எந்த வாரம் குஞ்சு வருகிறது என்பதை வாசல் கூட்டும் பெண்களே நன்றாக அறிவார்கள். அவர்களையும் வட்டாரக் கூட்டங்களுக்கு அழைத்து, வயலுக்குச் சொல்வதுபோல் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் பூச்சி நிர்வாகம் சொல்லித்தர வேளாண் துறை முன்வர வேண்டும். ஊராட்சிகளும் பொது இடத்து இலவ மரங்களில் காயைப் பருவத்தில் இறக்க ஏற்பாடு செய்யலாம். அதுவரை உழவர் பெருமக்கள் இந்த வாரமே தம் வீட்டுப் பரணையும் தொழுவத்து மாடத்தையும் ஒருமுறை சோதித்து, எந்தெந்தப் புட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்து, குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி பூட்டி வைத்துவிடுவது நல்லது.